பார் இல்லாத சைக்கிள்

2007 ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை. புரட்சி நாளின் வாணவேடிக்கை முந்தின இரவுதான் முடிந்திருந்தது. பாரிஸ் நகரத்தின் தெருமுனைகளில் சாம்பல் நிறச் சைக்கிள்கள் வரிசையாக, இரும்புத் தூண்களில் பூட்டப்பட்டு நின்றன. சுமார் 750 நிலையங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு எண்ணிக்கையும் ஏறக்குறைய இரட்டிப்பாகின. பெயர் வெலிப். சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் சுதந்திரத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர். ஒரு நாள் சந்தா ஒரு யூரோ, ஆண்டுச் சந்தா 29 யூரோ. எடுத்த ஒவ்வொரு முறையும் முதல் அரை மணி நேரம் இலவசம். ஓரிடத்தில் எடுத்து வேறோரிடத்தில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அப்போது நான் ஆய்வு மாணவியாக அந்த நகரத்தில் ஓராண்டு தங்கியிருந்தேன். அறை லா ஷப்பேலுக்குப் பக்கத்தில். ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை அவருக்கு. அலுவலகத்துக்காரர்கள் வருவதற்கு முன் முடித்துவிட வேண்டிய வேலை என்பதால் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். அன்று மாலை இருவரும் கறிவேப்பிலை வாங்கப் போனபோது தெருமுனையில் புதிதாக முளைத்திருந்த நிலையத்தைப் பார்த்து அக்கா நின்றுவிட்டார்.

"தங்கச்சி, உதை ஆர் வேணுமெண்டாலும் எடுக்கலாமோ?"

எடுக்கலாம் என்றேன். அக்கா சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், டியூசன், கோவில் எல்லாம் சைக்கிளில்தான் என்று அடிக்கடி சொல்வார். அங்கே பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது யாரும் நின்று பார்க்கிற காட்சி அல்ல. பாரிஸுக்கு வந்து பதினாறு வருடத்தில் அவர் ஒரு சைக்கிளைத் தொட்டதில்லை. "இது லேடீஸ் சைக்கிள்தானே?" என்றார்.

அக்கா சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆமாம், லேடீஸ் சைக்கிள்தான். சீட்டிலிருந்து ஹேண்டில்பாருக்குப் போகும் அந்த நடுக்கம்பி, நம்மூரில் 'பார்' என்று சொல்வோமே, அது இல்லை. சட்டகம் தாழ்ந்து வளைந்திருந்தது. முன்னால் ஒரு கூடை. பின்சக்கரத்தில் பாவாடையோ கோட்டோ சிக்காமலிருக்க மறைப்பு. நூறு வருடங்களுக்கு மேலாகப் பெண்ணுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வடிவம் அது. நகராட்சி எல்லோருக்கும் பொதுவாக ஒரு சைக்கிள் வேண்டும் என்று யோசித்தபோது வந்து சேர்ந்த இடமும் அதுதான். குட்டையானவரும் நெட்டையானவரும், கால்சட்டைக்காரரும் பாவாடைக்காரரும், முழங்கால் வலிக்காரரும் ஏறி இறங்க அந்த வடிவம்தான் தோது. மேயர் பெர்த்ராந்த் தெலனோவேயின் நகரத்தில் கோட்டு சூட்டு போட்ட ஆண்கள் ஆயிரக்கணக்கில் லேடீஸ் சைக்கிள் ஓட்டிப் போனார்கள். அதை யாரும் லேடீஸ் சைக்கிள் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வரலாறு படிக்கிறவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அன்று ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சைக்கிள் எடுத்த பெண்கள் ஒவ்வொருவரும் பாரிஸின் ஒரு பழைய ஆணைக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

1800 நவம்பரில் பாரிஸ் காவல்துறைத் தலைமை ஓர் ஆணை பிறப்பித்தது. ஆணைப்போல் உடுத்த விரும்பும் பெண் காவல் தலைமையகத்துக்கு நேரில் வந்து அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்றும் காட்ட வேண்டும். கால்சட்டை என்பது ஆண் உடை. புரட்சியில் தெருவில் இறங்கிய பெண்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. ஓவியர் ரோசா பொனர் மாட்டுச் சந்தைகளுக்கும் கசாப்புக் கூடங்களுக்கும் போய் விலங்குகளை வரைய வேண்டியிருந்ததால், கால்சட்டை போட அப்படி அனுமதிச் சீட்டு வாங்கினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சீட்டு.

பிறகு சைக்கிள் வந்தது. 1890களில் வசதியான வீட்டுப் பெண்கள் புலோன் வனப்பகுதியில் தொளதொளத்த கால்சட்டை அணிந்து சைக்கிள் ஓட்டினார்கள். ழான் பெரோ அந்தக் காட்சியைத் தீட்டிய ஓவியம் இருக்கிறது. பெண்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அலட்சியமாக நிற்கிறார்கள். இத்தனை பெண்களையும் பிடித்து வழக்குப் போட முடியாது, அவர்கள் பெரிய இடத்து வீட்டினர். எனவே 1892இலும் 1909இலும் வந்த சுற்றறிக்கைகள் ஆணையைக் கொஞ்சம் தளர்த்தின. பெண் கால்சட்டை அணியலாம், அவள் கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால்!

கைப்பிடியை விட்டால் குற்றம். இதைப் படித்த அன்று நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேசையிலிருந்து முறைத்தார்கள். ஆனால் இதில் சிரிக்க அதிகமில்லை. பெண்ணுக்குச் சலுகை கிடைக்கவில்லை, சைக்கிளுக்குக் கிடைத்தது. கருவியை ஒட்டி அவளுக்கு ஒரு தற்காலிக உரிமை. 1896இல் பாரிஸில் நடந்த பெண்ணிய மாநாட்டுக்குத் தலைமை வகித்த மரியா பொன்யோன், சமத்துவம் கொண்டுவரும் வாகனம் என்று சைக்கிளைப் புகழ்ந்து கோப்பை உயர்த்தினார். அந்தக் காலத்துச் சைக்கிளின் விலையோ ஒரு தொழிலாளிப் பெண்ணின் பல மாதக் கூலி. சமத்துவத்தின் முதல் சுற்று யாருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே அந்தக் கோப்பையைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆணையை யாரும் முறைப்படி நீக்கவில்லை. 2013 ஜனவரியில்தான், பெண்ணுரிமை அமைச்சர் நஜத் வல்லோ பெல்காசெம், அரசியலமைப்பின் சமத்துவக் கொள்கைக்கு முரணானதால் அது ஏற்கெனவே செல்லாததாகிவிட்டது என்று எழுத்து மூலம் அறிவித்தார். ஆக 2007இல், ஏட்டுக் கணக்கில், வெலிப்பைத் தூணில் பூட்டிவிட்டுக் கைப்பிடியிலிருந்து கையெடுத்த கணத்தில் ஜீன்ஸ் போட்ட பெண் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தாள்.

பொதுச் சைக்கிளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பொறியியல் கதையாகச் சொல்வார்கள். முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று. முதல் தலைமுறை 1965 கோடையில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகிறது. ப்ரோவோ என்ற இளைஞர் குழு, லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க் என்பவரின் யோசனைப்படி, சில சைக்கிள்களுக்கு வெள்ளையடித்துப் பூட்டில்லாமல் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விடலாம். பூட்டாத சைக்கிள் திருட்டைத் தூண்டும் என்று சொல்லிக் காவல்துறை அவற்றைப் பறிமுதல் செய்தது. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதே குழு 'வெள்ளை' என்று தொடங்கும் பெயர்களில் வேறு பல திட்டங்களையும் முன்வைத்தது. அவற்றில் ஒன்று பெண்களுக்கானது: கருத்தடை ஆலோசனையும் சாதனங்களும் தருகிற நிலையங்கள் வேண்டும் என்பது. சைக்கிள் வரலாற்றில் அந்தத் திட்டம் வருவதேயில்லை. தெருவில் தடையின்றிப் போவதும் தன் உடலின் மேல் தனக்கு அதிகாரம் இருப்பதும் ஒரே நகரத்தில், ஒரே குழுவின் தாள்களில் அடுத்தடுத்துக் கிடந்தவை. சைக்கிளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட்டுவிட்டார்கள்.

அதே 1965 ஜூலையில் பிரான்சில் இன்னொன்று நடந்தது. திருமணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்கலாம், வேலைக்குப் போகலாம் என்று ஜூலை 13ஆம் தேதிச் சட்டம் சொன்னது. அதுவரை முடியாது. இதற்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்றால், கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

வெள்ளைச் சைக்கிள்கள் காணாமல் போயின. 1974இல் லா ரொஷேல் நகரம் மஞ்சள் சைக்கிள்களை விட்டது. 1995இல் கோபன்ஹேகன் நாணயம் போட்டால் திறக்கும் சைக்கிள்களை வைத்தது. போட்ட நாணயம் திருப்பிக் கொடுக்கும்போது கிடைத்துவிடும். நாணயத்துக்கு முகமில்லை. யார் எடுத்தார், யார் திருப்பவில்லை என்று தெரியாது. 1998இல் ரென் நகரத்திலும், பெரிய அளவில் 2005இல் லியோனிலும் வந்தது அட்டை. ஆளின் பெயர் தெரியும், எடுத்த நேரம் தெரியும், திருப்பாவிட்டால் யாரிடம் வசூலிப்பது என்று தெரியும். மூன்றாம் தலைமுறை என்று இதைத்தான் சொல்கிறார்கள். பாரிஸ் எடுத்துக்கொண்டது இந்த முறையைத்தான். சைக்கிள் திரும்பி வராவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்து 150 யூரோ போகும். அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்துவைக்க வேண்டும். அப்படியும் முதல் இரண்டே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் திருட்டுப் போயின, உடைக்கப்பட்டன.

அக்காவின் வீட்டில் ஒரே ஒரு வங்கி அட்டைதான் இருந்தது. அது அத்தானின் சட்டைப்பையில் இருந்தது. அக்காவின் சம்பளமும் அந்தக் கணக்கில்தான் விழுந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் அக்காவுக்கும் பொருந்தும், யாரும் தடுத்து எழுதி வைக்கவில்லை. ஆனால் பதினாறு வருடமாக அவருக்கு அது தேவைப்படவில்லை, அல்லது தேவைப்படுகிறது என்று சொல்ல ஒரு காரணம் வாய்க்கவில்லை. "இந்த வயசில சைக்கிளோ?" என்றார் அத்தான். அக்கா பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். என் பிரெஞ்சு அவருடையதைவிட மோசம், துணைக்குத்தான். கணக்கு அவர் பெயரில் தொடங்கியாயிற்று. அட்டை தபாலில் வந்தது. பிறகுதான் வெலிப்.

முதல் நாள் விடிய நாலரை மணிக்கு நானும் கீழே இறங்கிப் போய் நின்றேன். தெருவில் ஆளில்லை. கிட்டத்தட்ட 22 கிலோ எடை அந்தச் சைக்கிளுக்கு. தூணிலிருந்து பின்னால் இழுக்கும்போது அக்கா கொஞ்சம் தடுமாறினார். ஏறி உட்கார்ந்ததும் தடுமாற்றம் போய்விட்டது. மணியை ஒருதரம் அடித்தார், அந்த நேரத்தில், யாருக்காகவோ. வாடகைக்கு அறை எடுத்த பெண்ணாக அல்ல, பெருமைப்படும் தாயாக நான் அங்கே நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவுக்கு அதனால் கிடைத்தது இருபது நிமிடத் தூக்கம். இரவுப் பேருந்துக்காகக் காத்துநிற்கும் பத்து நிமிடம் இல்லாமல் போனது. அந்தப் பத்து நிமிடம் என்ன என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவுக்குப் பிறகு மெட்ரோ நின்றுவிடும் நகரத்தில், எந்த நேரமும் கிடைக்கும் ஒரு சைக்கிள் யாருக்கு அதிகம் உதவும் என்று திட்டமிட்டவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, இரவு வேலைக்காரப் பெண்கள் சிலர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஆனால் தொடக்கத்தில் நிலையங்கள் பாரிஸ் நகர எல்லைக்குள்தான். அக்காவோடு வேலை செய்த பெண்களில் பலர் புறநகர்வாசிகள். அவர்களுக்கு அந்தச் சாம்பல் சைக்கிள், பேருந்து ஜன்னலில் தெரிகிற ஒன்று மட்டுமே.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தது? விளம்பரம். ழே.சே. தெகோ என்ற விளம்பர நிறுவனம் சைக்கிள்களையும் நிலையங்களையும் அமைத்துப் பராமரிக்கும். பதிலுக்கு நகரத்தின் 1,628 விளம்பரப் பலகைகள் பத்தாண்டுக்கு அதனிடம் இருக்கும். நகராட்சிக்குச் செலவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். வெளிப்புற விளம்பரம் என்ற தொழில் எதை வைத்து நடக்கிறது என்று பெண்களுக்குத் தெரியும். வாசனைத் திரவியத்துக்கும் காருக்கும் உள்ளாடைக்கும் ஒரே அரைநிர்வாணப் பெண்ணுடல். அந்தப் பலகைக்குக் கீழே சைக்கிளை எடுத்து, அந்தப் பலகை கட்டிய காசில் ஓட்டிப் போனோம். 2017இல், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் தறுவாயில்தான், பாலினப் பாகுபாடு காட்டும் விளம்பரங்கள் நகராட்சியின் பலகைகளில் கூடாது என்று பாரிஸ் மாமன்றம் முடிவெடுத்தது. அப்போது மேயராக இருந்தவர் ஆன் இதால்கோ. அந்த நகரத்தின் முதல் பெண் மேயர்.

2007 டிசம்பரில் ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கி போகும் வழியில். அம்மா பால்வாடியில் ஆயா. 1991இல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரத்துக்குள் மணியடித்துக்கொண்டு வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தக் காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்பது அவர் தரும் கணக்கு. அந்த லட்சத்தில் என் அம்மா ஒருத்தி.

அதற்கு முன்பும் எங்கள் ஊரில் பொதுச் சைக்கிள் இருந்தது. வாடகை சைக்கிள் கடை! மட்கார்டில் நம்பர் எழுதிய சைக்கிள்கள், மணிக்கு ஐம்பது பைசா, கடைக்காரர் நோட்டில் நேரத்தையும் அப்பா பெயரையும் எழுதிக்கொள்வார். பையன்கள் அரை வண்டி எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகுவார்கள். பத்து வயதில் நான் காசோடு போய் நின்றேன். "பொம்பளப் புள்ளைக்குக் குடுத்தா உங்கப்பன் என்னய வைவாரு, போத்தா" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? பொது என்று ஒன்றை வைத்துவிட்டால் அது எல்லோருக்கும் பொது ஆகிவிடாது என்று நான் முதலில் படித்தது அந்தக் கடை வாசலில்.

அம்மா வாங்கியது பழைய ஆம்பளை சைக்கிள். அறிவொளிக் காலத்தில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகிவிட்டது, கிடைத்ததை எல்லோரும் வாங்கினார்கள். வாங்கிய பிறகு அதையே விரும்பினார்கள், சாய்நாத்தும் இதைக் குறித்திருக்கிறார். காரணம் பார். அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். என் தம்பி அம்மாவின் இரண்டு கைகளுக்கு நடுவே, பாரில் சுற்றிய பழைய துண்டின் மேல் உட்கார்ந்து வருவான். நான் கேரியரில். என் மடியில் தண்ணீர்க் குடம், அல்லது பால்வாடிக்கான மாவு மூட்டை. புடவையை முட்டிக்கு மேல் சொருகிக்கொண்டு அம்மா மிதிப்பார். எந்தக் கம்பி பெண்ணின் கௌரவத்துக்கு இடைஞ்சல் என்று சைக்கிள் கம்பெனிகள் எடுத்தனவோ, அந்தக் கம்பிதான் புதுக்கோட்டைப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது. அவள் தனியாக எங்கும் போகிறவள் அல்ல.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். அக்கா சைக்கிளோடு நிற்கும் படம். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "கேரியர் எங்க?" என்று கேட்டார்.

கேரியர் இல்லை என்றேன்.

"பாரும் இல்ல. பிள்ளைய எங்க வச்சுக்கிட்டுப் போவா?"

பிள்ளையை ஏற்றக் கூடாது, ஒருவர்தான் போகலாம் என்றேன்.

"அப்ப இது ஆபீஸ் போற ஆம்பளைக்குச் செஞ்சது" என்றார் அம்மா.

லேடீஸ் சைக்கிள் வடிவத்தைக் கண்டு நான் ஆறு மாதமாகப் பூரித்துப்போயிருந்தேன். அம்மா ஒரு வாக்கியத்தில் வேறு பக்கம் திருப்பிவிட்டார். அதன் பிறகு பிற நகரங்களின் கணக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் காதில் விழும். லண்டனில் 2010 ஜூலையில் இப்படி ஒரு திட்டம் வந்தது. முதல் மாதங்களை ஆராய்ந்தவர்கள், பதிவு செய்துகொண்டவர்களின் பயணங்களில் பெண்களுடையவை ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்று கண்டார்கள். நியூயார்க்கில் 2013 மே மாதம் தொடங்கியபோது போக்குவரத்து ஆணையராக இருந்தவர் ஜனெட் சாடிக் கான் என்ற பெண். தெருக்களில் சைக்கிள் தடங்களுக்காகக் கடுமையாகச் சண்டை போட்டவர். அங்கும் ஆண்டுச் சந்தாதாரர்களின் பயணங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆண்களுடையவை. பெண்களுக்குப் பயம், லாரிகள், தடமில்லாத சாலை என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பள்ளிக்கூடம், மருந்துக்கடை, மாமியார் வீடு, காய்கறிச் சந்தை என்று நாலு இடம் நிற்கும் பயணம், கையில் ஒரு பிள்ளையோடும் இரண்டு பையோடும் போகும் பயணம், அந்தச் சைக்கிளின் வடிவத்திலேயே இல்லை. முன்கூடையில் ஒரு கைப்பையும் ரொட்டியும் கொள்ளும். காப்பீடு, விபத்து, வழக்கு என்று நிறுவனங்களுக்கு நியாயங்கள் உண்டு. இருக்கட்டும். பராமரிப்பு வேலையைப் பயணக் கணக்கில் சேர்க்காத நகரத்தில் அந்த நியாயங்கள் மிக எளிதாக எடுபடுகின்றன.

அக்கா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். தொலைபேசியில் அம்மா சொன்னதைச் சொன்னபோது சிரித்தார். "என்ர பிள்ளையள் வளந்திட்டினம் தங்கச்சி. விடிய அந்த அரை மணித்தியாலம் என்னோட ஒருத்தரும் இல்லை. எனக்கு அதுதான் வேணும்" என்றார். இருவரில் யார் சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று அம்மா இன்னொன்றும் கேட்டார். இதை யார் யார் எடுக்கலாம் என்று. பதினாலு வயது ஆகியிருக்க வேண்டும், உயரம் ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும் என்று விதியைச் சொன்னேன். நான் ஒன்றரை மீட்டர் வருவேனா என்றார். நிலைப்படியில் நிற்கவைத்துத் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு, தையல் டேப்பால் அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது.

"அப்ப எனக்குத் தர மாட்டாக" என்று சொல்லிவிட்டு, ரேஷன் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாரில் சுற்றிய துண்டு அப்போதும் அப்படியே இருந்தது.